பெட்டியில் கிடந்த சாட்சி

 

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கும் வேளையில், பல ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஓரமாக நின்றார். இப்போது சாத்தூரில் சிறு கடை வைத்துப் பிழைக்கும் குடும்பஸ்தர். முகத்தில் கலக்கம் தெரிந்தது. பிள்ளைகளைச் சற்று நேரம் ஓதிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, அவரைத் தனியே அழைத்து விசாரித்தேன்.

"ஹஜ்ரத், பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுகிறோம். பரணில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்தால், எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு ரிவால்வர் இருக்கிறது" என்றார்.

அந்த ரிவால்வருக்கு ஒரு கதையும் உண்டு. அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் முதல் உலகப் போரில் படையோடு பஸராவுக்குச் சென்றவராம். அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் உயிரைக் காப்பாற்றினாராம். அதற்குப் பரிசாக அவ்வதிகாரி தம் இடுப்பிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாராம். இக்கதை அக்குடும்பத்தில் ஒவ்வொரு நிக்காஹ் வீட்டிலும் சொல்லப்பட்டு வந்தது. பொருளைக் கண்ணால் கண்டவர் மட்டும் எவருமில்லை.

இப்போது பொருள் கைக்கு வந்துவிட்டது. வீடு மூன்று பட்டுவிட்டது. "முதல் உலகப் போர்க் காலத்தது என்றால் லட்சக்கணக்கில் கொடுப்பார்களாம், பழம்பொருள் வாங்கும் ஆள் ஒருவர் சொன்னார்" என்பது அண்ணனின் பேச்சு. "வம்பே வேண்டாம், இருட்டிய பிறகு வைப்பாற்றில் போட்டுவிடுவோம்" என்பது மச்சானின் யோசனை. "முன்னோர் பெயர் சொல்லும் பொருள், புது வீட்டுப் பரணிலும் அப்படியே இருக்கட்டும்" என்பது அத்தாவின் முடிவு. "நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஹஜ்ரத்" என்று அவர் நின்றார்.

நான் முதலில் சொன்னது ஒன்றுதான். "அதை இங்கே கொண்டு வராதீர்கள். எவரும் தொட வேண்டாம், துடைக்க வேண்டாம், விசையை அழுத்திப் பார்க்க வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. அறையைப் பூட்டுங்கள். இருந்த இடத்திலேயே வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் அதைக் காட்டுங்கள்." பட்டாசு ஆலைகள் சூழ்ந்த பகுதியில் வாழும் நமக்கு, பழைய மருந்து என்பது செத்துப்போன மருந்து அன்று என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசகர்களே! நான் ஆயுத வல்லுநன் அல்லன். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன். ஆயினும், ஒரு பொருளைப் பற்றிய கதையை அப்பொருளைக் கொண்டே உரசிப் பார்க்கும் கலை நமக்குப் புதிதன்று. நம் இமாம்கள் அதில் உலகுக்கே வழிகாட்டியவர்கள்.

ஹிஜ்ரி 447ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1055ஐ ஒட்டி, பக்தாதில் ஓர் ஆவணம் அமைச்சரிடம் வந்தது. கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கு அளித்ததாக அதில் எழுதியிருந்தது. சஹாபாக்களின் சாட்சியமும் இருந்தது. பார்த்தவர்கள் திகைத்தார்கள். அமைச்சர் அதனை ஹதீஸ் மேதை கத்தீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்களிடம் காட்டினார். அவர்கள் பார்த்த மாத்திரத்தில் "இது பொய்யான ஆவணம்" என்றார்கள். காரணம் கேட்கப்பட்டது. "இதில் முஆவியா (ரலி) அவர்களின் சாட்சியம் இருக்கிறது. அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியதோ மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். கைபர் வெற்றி கொள்ளப்பட்டது ஹிஜ்ரி 7இல். இன்னும் இதில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் சாட்சியமும் இருக்கிறது. அவர்கள் அகழ்ப்போரில் பட்ட காயத்தால் வஃபாத்தானதோ ஹிஜ்ரி 5இல்" என்று விளக்கினார்கள்.

தாளையோ மையையோ அவர்கள் ஆராயவில்லை. இரண்டு ஆண்டுக் கணக்குகளே போதுமானவையாக இருந்தன. பிறகு நடந்ததை முன்பு நடந்ததற்குச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. இறந்தவர் எழுந்து வந்து கையொப்பம் இட முடியாது. ஒரு பழைய துப்பாக்கியின் காலத்தை அறிவதற்கும் இந்த ஒரே விதிதான். கதை என்பது அறிவிப்பாளர் தொடர் போன்றது. பொருளின் மேல் இருக்கும் முத்திரை மூலவாசகம் போன்றது. இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முதற்கேள்வி, பொருள் என்ன வகை என்பது. நம் பேச்சில் கைக்கு அடக்கமான துப்பாக்கி எல்லாமே ரிவால்வர்தான். ரிவால்வர் என்றால் சுழல்வது. தோட்டாக்களைத் தாங்கிய உருளை ஒன்று நடுவில் இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது ஒரு கண் சுழலும். பிஸ்டல் எனப்படும் தானியங்கியில் உருளை இல்லை. கைப்பிடிக்குள் தோட்டாக்கள் அடுக்காக இருக்கும். இந்த வேறுபாட்டுக்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. சாத்தூரிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதையில், மணியாச்சி சந்திப்பில், 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டார். பலரும் அதை ரிவால்வர் என்றே சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மையில் அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். நூறாண்டு கடந்தும் பாடப்புத்தகத்தில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சியிலேயே ஆயுதத்தின் பெயர் வாய்வழியில் மாறிவிடுகிறது என்றால், ஒரு வீட்டின் பரணில் கிடந்ததைப் பற்றிய கதை மாறாமலா இருக்கும்?

நம் மாணவர் காட்டிய படத்தில் உருளை தெளிவாகத் தெரிந்தது. ஆகவே ரிவால்வர்தான். அடுத்து, எந்தப் படையின் ரிவால்வர்?

பிரிட்டிஷ் படை 1887 முதல் வெப்லி என்னும் பிர்மிங்ஹாம் நிறுவனத்தின் ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. குழலை முன்பக்கமாக மடக்கினால் உருளையிலுள்ள ஆறு வெற்றுத் தோட்டாக்களும் ஒருசேர வெளியே தள்ளப்படும்; இதுவே அதன் சிறப்பு. காலந்தோறும் மாற்றங்கள் செய்து, மார்க் 1, மார்க் 2 என்று எண்ணிட்டுக்கொண்டே வந்தார்கள். முதல் உலகப் போரில் மிகுதியாக வழங்கப்பட்டது 1915இல் வந்த மார்க் 6. அதன் குழல் ஆறங்குல நீளம். முந்தியவற்றின் கைப்பிடி பறவையின் தலைபோல் வளைந்திருக்கும். மார்க் 6இன் கைப்பிடி அடியில் சதுரமாக முடியும். தோட்டாவின் அளவு .455 அங்குலம், பருமனானது, உதைப்பும் மிகுதி.

போர் முடிந்தபின், குறைந்த பயிற்சியுடைய வீரனும் கையாளக்கூடிய சிறிய ஆயுதம் தேவை என்று எண்ணி, .38 அளவுக்கு இறங்கினார்கள். அவ்வாறு என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் உருவான நம்பர் 2 ரிவால்வர் 1932இல் படைக்கு ஏற்கப்பட்டது. தோற்றத்தில் வெப்லியின் தம்பி போலவே இருக்கும். குழல் மட்டும் ஐந்தங்குலம். 1938இல் அதில் ஒரு மாற்றம் செய்தார்கள். சுத்தியலின் பின்புறம் கட்டைவிரலால் இழுப்பதற்கென்று இருந்த கொம்பை நீக்கிவிட்டார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும் வீரர்களின் உறையிலிருந்து அக்கொம்பு வெளியே நீட்டிக்கொண்டு எங்கும் மாட்டிக்கொள்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மாற்றம் பெற்ற இவ்வகைக்கு எண்ணின் அருகே ஒரு நட்சத்திரக் குறி இட்டார்கள்.

நம் மாணவர் காட்டிய படத்தில் சுத்தியலின் பின்புறம் மொழுக்கென்று இருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். சட்டத்தின் வலப்பக்கத்தில், துருவுக்கு நடுவே, வரிசையாக நான்கு வரிகள்: என்ஃபீல்டு, நம்பர் 2, மார்க் 1, பக்கத்தில் நட்சத்திரம், கடைசியில் 1941.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் உலகப் போர் முடிந்தது 1918இல். இந்தப் பொருள் பிறந்ததே அதற்கு 23 ஆண்டுகள் கழித்து. பஸராவில் எந்த அதிகாரியின் இடுப்பிலும் இது இருந்திருக்க முடியாது. கைபர் ஆவணத்தில் ஸஅத் (ரலி) அவர்களின் கையொப்பம் போன்றதுதான் இது.

எனினும், முத்திரையைப் படிப்பதிலும் அவசரம் கூடாது. எண்ணைக் கண்டவுடன் ஆண்டு என்று முடிவு செய்துவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனமும் ரிவால்வர்கள் அனுப்பியது. அவற்றின் குழல்மேல் 1914 என்னும் ஆண்டும் காணப்படும். அது காப்புரிமை பெற்ற ஆண்டே தவிர, செய்த ஆண்டன்று. அதைக் காட்டி முதல் உலகப் போர்ப் பொருள் என்று விற்பவர் இருக்கலாம், ஏமாறுபவரும் இருக்கலாம்.

நம் சமுதாய வரலாற்றிலேயே இன்னும் அழகான சான்று ஒன்று உண்டு. ஷஹீத் திப்பு சுல்தான் தம் ஆட்சியில் மௌலூதி என்னும் புதிய ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தினார். அவருடைய ஆயுதச்சாலைகளில் செய்த துப்பாக்கிகளிலும் அவ்வாண்டுகளே பொறிக்கப்பட்டன. மௌலூதி 1215 என்பது கி.பி. 1787ஐ ஒட்டியது. அதையே ஹிஜ்ரி 1215 என்று ஒருவர் படித்துவிட்டால் கி.பி. 1800 ஆகிவிடும். திப்பு சுல்தான் ஷஹீதானதோ 1799 மே 4. ஆக, அசலான பொருளையே "இறந்த பின்னர் செய்தது, போலி" என்று தள்ளிவிட நேரும்! போதாக்குறைக்கு, அவருடைய மௌலூதி நாணயங்களில் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. அறியாதவர் 1215ஐ 5121 என்று படிப்பார். எண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது எந்தக் கணக்கின் எண் என்று தெரிந்தவரிடம்தான் அது பேசும்.

இன்னொரு விதியும் உண்டு. செய்த ஆண்டு என்பது தொடக்க எல்லை மட்டுமே. 1917இல் செய்த வெப்லி 1942இலும் ஒரு வீரரின் இடுப்பில் இருந்திருக்கலாம். பழைய ஆயுதம் புதிய போருக்குப் போகும். 1941இல் செய்தது 1917க்குப் போகாது.

மாணவர் தலைகுனிந்து போனார். "அப்போ எங்கள் முன்னோர் பொய் சொன்னார்களா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "பொருள் பேசிவிட்டது. இனி மனிதர்களிடம் கேளுங்கள். வீட்டில் மூத்தவர் யார்?" என்றேன்.

பாட்டனாரின் தங்கை ஒருவர் இருந்தார், எண்பத்தைந்தைக் கடந்தவர். அவரிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை. இரண்டு நாள் கழித்து நானும் சென்றிருந்தேன். பஸராவைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "உங்கள் சின்ன வயதில் வீட்டில் யாராவது பட்டாளத்திலிருந்து வந்தார்களா, நன்னி?" என்று மட்டும் மாணவர் கேட்டார். அந்த அம்மையாரின் முகம் மலர்ந்தது.

"எங்க சின்னத்தா வந்தாக. பர்மாப் பக்கம் சண்டைக்குப் போனவுக. மோட்டார் சைக்கிள்ல தபால் கொண்டு போற வேலையாம். வாயாலேயே படபடன்னு சத்தம் போட்டுக்கிட்டு என்னத் தோள்ல தூக்கிவச்சு ஆத்துக்கரை வரைக்கும் ஓடுவாக. வந்து ரெண்டு வருசத்துல காய்ச்சல்ல மவுத்தாயிட்டாக. கல்யாணம் ஆகலே."

வீடு அமைதியாகிவிட்டது. அப்படி ஒருவர் இருந்ததையே அங்கிருந்த எவரும் அறிந்திருக்கவில்லை. சாதாரணச் சிப்பாய்க்குத் துப்பாக்கி நீளமானது; ரிவால்வர் அதிகாரிகளுக்கும், டாங்கி வீரர்களுக்கும், மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்வோருக்கும் வழங்கப்பட்டது. நன்னி சொன்னதற்கும் 1941 என்ற முத்திரைக்கும் முரண்பாடு இல்லை. இதுவும் ஒரு தகவல்தான். ஆனால் முந்திய கதையைவிட வலுவான தகவல்.

நடந்ததை ஊகிப்பது கடினமன்று. பஸராவுக்குப் போன தந்தையும் உண்மை. பர்மாவுக்குப் போன இளைய மகனும் உண்மை. இளையவருக்குச் சந்ததி இல்லை. அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை. காலப்போக்கில் அவருடைய பொருள் தந்தையின் கதையில் போய் ஒட்டிக்கொண்டது. எவரும் பொய் சொல்லவில்லை. கேட்காமல் விட்டார்கள், அவ்வளவே. ஓர் ஆண்டு முத்திரை ஒரு பெருமையை எடுத்துக்கொண்டு, மறந்துபோன ஒரு மனிதரைத் திருப்பிக் கொடுத்தது. அன்று மஃரிபுக்குப் பின் அந்த வீட்டில் முதன்முறையாக அவருடைய பெயரைச் சொல்லி துஆ செய்யப்பட்டது.

கதை இத்துடன் முடிந்தால் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பொருள் இன்னும் அறையில் பூட்டிக் கிடக்கிறதே!

பழையது என்றால் சட்டத்துக்குப் பொருட்டன்று என்று பலர் எண்ணுகிறார்கள். தவறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 3ஆம் பிரிவின்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 2019இல் செய்த திருத்தத்துக்குப் பின், உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, கூடியது 5 ஆண்டு சிறைத்தண்டனை. 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. வழக்கொழிந்த, தொல்பொருள் மதிப்புடைய, பழுதுபட்ட ஆயுதங்களுக்கு அது பொருந்தும். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாததாக அது இருக்க வேண்டும். எண்ணெய்த் துணியில் சுற்றிப் பாதுகாத்த ஒன்று அப்படிப்பட்டதா என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ள முடியாது. ரகசியமாக விற்பது குற்றத்தின்மேல் குற்றம். ஆற்றில் எறிவதோ, நாளை மணலில் விளையாடும் ஏதோ ஒரு குழந்தையின் கையில் அதைக் கொடுப்பதாகும்.

படத்தில் நான் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டத்தின்மேல் சிறியதாக ஓர் அகன்ற அம்புக் குறி இருந்தது. அது அரசாங்கச் சொத்து என்பதற்கான பழைய பிரிட்டிஷ் முத்திரை. அரசே அப்பொருளை முறையாக விற்றுவிட்டால், இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்தாற்போல் மற்றொரு குறி இடுவது அவர்கள் வழக்கம். அந்தக் குறியைப் படத்தில் எங்கும் நான் காணவில்லை.

அந்தச் சின்னத்தா அதை எப்படிக் கொண்டு வந்தார்? அதைத் தீர்மானிக்க நாம் யார்? மவுத்தானவரைப் பற்றி நல்லெண்ணம் கொள்வதே நமக்கு அழகு. ஆனால் பொதுச் சொத்திலிருந்து ஒரு செருப்பு வாரை எடுப்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை நாம் அறிவோம். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தில் இறைவன் இட்ட கட்டளை. அவர் செய்ய முடியாமல் போனதை அவருக்காகச் செய்து முடிப்பது பின்னோரின் கடமையன்றோ?

இதைச் சொன்னபோது அண்ணன்தான் முதலில் எழுந்தார். "லட்சம் வேண்டாம் ஹஜ்ரத்; கொடுத்துவிடுவோம்" என்றார். ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, பொருள் எப்போது, எப்படிக் கிடைத்தது என்பதை எழுத்தில் தந்து, காவல் நிலையத்துக்குத் தெரிவித்தார்கள். காவலர்களே வந்து எடுத்துச் சென்றார்கள், ரசீதும் கொடுத்தார்கள். சட்டத்தின் 21ஆம் பிரிவு இத்தகைய ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. உங்களில் எவருக்கேனும் இப்படி ஒரு சோதனை வந்தால், தொடாமல், மறைக்காமல், தாமதிக்காமல் இவ்வழியே செல்லுங்கள். தூக்கிக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள்.

இப்போது புது வீடு எழும்பிவிட்டது. பரணில் தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே அந்த ரசீதும், நன்னி சொல்லச் சொல்ல மாணவர் எழுதிய நான்கு பக்கங்களும் இருக்கின்றன. சின்னத்தாவின் பெயர் முதல் வரியில் இருக்கிறது.

வாசகர்களே! ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயத்தில் இறைவன் கற்பிக்கிறான். அக்கட்டளையைப் பிறர் கொண்டுவரும் செய்திக்கு மட்டும் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். நம் வீட்டுப் பெருமைக்கும் அது பொருந்தும். உங்கள் வீட்டிலும் ஒரு நன்னி இருக்கலாம். அவரிடம் இதுவரை எவரும் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கலாம். இன்றிரவு இஷாவுக்குப் பின் அருகே அமர்ந்து கேட்டுப் பாருங்கள்; கேட்டதை எழுதி, ஆண்டையும் குறித்து வையுங்கள்.

உண்மையை அறிந்து, அமானிதத்தை உரிய இடத்தில் சேர்ப்பிக்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.